மெழுகுக் கட்டிக்குள் 22 எழுத்து

நான் மூலக்கூற்று உயிரியல் படித்தவள். மைக்ரோ ஆர்.என்.ஏ, அதாவது மரபணுக்களை அடக்கிவைக்கும் மிகச் சின்ன ஆர்.என்.ஏ துண்டு, புற்றுநோயில் என்ன செய்கிறது என்று பார்ப்பது கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் என் வேலை. வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி தெரிந்ததுதான்: "அப்ப பிள்ளை, கான்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சோ?" இல்லை மாமி என்று சொல்லிவிட்டு ஐஸ்கிறீம் பக்கம் நகர்ந்துவிடலாம். 2024 ஒக்டோபர் 7ஆம் திகதிக்குப் பிறகு அது அவ்வளவு சுலபமாக இல்லை. மைக்ரோ ஆர்.என்.ஏயைக் கண்டுபிடித்ததற்காக விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் அன்று மருத்துவ நோபல் அறிவித்தார்கள். கனடாச் சித்தப்பா தொடக்கம் மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் வரை எல்லாருக்கும் விளக்கம் வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் நோபலை விட வேறொன்றைத்தான், வைத்தியசாலைகளில் இழையத்தைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டிகளைப் பற்றித்தான், அதிகம் சொல்ல இருந்தது. அதற்கு வருகிறேன்.

கதை ஒரு புழுவில் தொடங்குகிறது. சீனோரப்டைடிஸ் எலிகன்ஸ், நீளம் 1 மில்லிமீற்றர். அது வளரும்போது எந்தக் கலம் எப்போது பிரிய வேண்டும் என்பதில் லின்-4, லின்-14 என்ற இரண்டு மரபணுக்களுக்கு இடையே இழுபறி. அம்ப்ரோஸ் முதலாவதையும் ரவ்கன் இரண்டாவதையும் தனித்தனி ஆய்வுகூடங்களில் துருவிக்கொண்டிருந்தார்கள். லின்-4 எந்தப் புரதத்தையும் செய்யவில்லை. அதிலிருந்து வந்தது வெறும் 22 எழுத்து நீளமான ஓர் ஆர்.என்.ஏ துண்டு (ஆர்.என்.ஏ, டி.என்.ஏ இரண்டின் வேதி அலகுகளையும் எழுத்து என்போம்). 1992இல் இருவரும் தங்கள் எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டபோதுதான், இந்தத் துண்டு லின்-14இன் தூது ஆர்.என்.ஏயின், அதாவது புரதம் செய்ய மரபணு அனுப்பும் பிரதியின், வால் பகுதியோடு சோடி சேரக்கூடியது என்று தெரிந்தது. சோடி சேர்ந்தால் அந்தத் தூதிலிருந்து புரதம் வருவது குறைந்துவிடும். 1993 டிசம்பரில் 'செல்' சஞ்சிகையில் இரண்டு கட்டுரைகளும் ஒன்றாக வெளிவந்தன. அம்ப்ரோஸ் பக்கத்துக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ரோசலிண்ட் லீ. நோபல் நாளில் அவருடைய பெயரும் இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

உலகம் அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்று விட்டுவிட்டார்கள். 2000இல் ரவ்கன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துண்டைக் கண்டது. அது புழுவில் மட்டும் இல்லை; ஈயிலும் மீனிலும் மனிதரிலும் கிட்டத்தட்ட மாறாமல் இருந்தது. அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் மைக்ரோ ஆர்.என்.ஏ. இன்று மனிதருக்குரிய பட்டியலில் சுமார் 2,600 பதிவாகி இருக்கின்றன. அதில் எத்தனை உண்மையில் வேலை செய்பவை என்பதில் சண்டை இருக்கிறது, கறாராகப் பார்ப்பவர்கள் சில நூறுதான் என்பார்கள். சில நூறே ஆனாலும், நம் புரத மரபணுக்களில் பாதிக்கு மேல் இவற்றின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. காரணம், ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ தன் இலக்கைப் பிடிக்க அதன் தொடக்கத்தில் உள்ள ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே போதும். அதனால் ஒன்றே நூற்றுக்கணக்கான தூதுகளைத் தொடும். ஒவ்வொன்றையும் தொடும் அளவு சின்னது, கூட்டுத்தொகை பெரியது.

புற்றுநோய் இதற்குள் வந்தது 2002இல். நாட்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோயில் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு 13ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். புற்றைத் தடுக்கும் ஏதோ ஒரு புரதத்தின் மரபணு அங்கே இருந்திருக்க வேண்டும் என்று பலர் ஆண்டுக்கணக்காகத் தேடினார்கள். அமெரிக்காவில் ஜோர்ஜ் காலினும் கார்லோ குரோச்சேயும் பார்த்தபோது, அந்த இடத்தில் இருந்தவை மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏக்கள். இவை இருந்தால் பி.சி.எல்-2 என்ற புரதம் அடங்கி இருக்கும். இவை போனால் அது பெருகும். பி.சி.எல்-2 பெருகினால் சாக வேண்டிய கலம் சாகாது. புற்றுநோயை நாம் பொதுவாகக் கலங்கள் வெறிபிடித்துப் பெருகுவது என்று நினைக்கிறோம், ஆனால் இந்த நோயில் பெரிய பங்கு, கலங்கள் சாக மறுப்பதுதான். மிர்-16 என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

அடுத்தது எபிஜெனடிக்ஸ். கொன்ராட் வாடிங்டன் 1942இல் இந்தப் பெயரை வைத்தபோது டி.என்.ஏயின் வடிவமே யாருக்கும் தெரியாது. இன்று நாங்கள் இதைச் சொல்வது, எழுத்து மாறாமல் மரபணுவின் நடத்தை மட்டும் மாறி, அந்த மாற்றம் கலம் பிரியும்போது மகட் கலங்களுக்கும் போகிற விஷயத்துக்கு. அதில் அதிகம் படித்த வழி மெத்தைல் ஏறுவது. சி எழுத்துக்குப் பக்கத்தில் ஜி வரும் இடங்களில், சியின் மேல் ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட சின்னக் கூட்டம் ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது அடர்த்தியாக ஏறினால் அந்த மரபணு வாய் திறக்காது. புற்றுக் கலத்தில் நடப்பது கோணலான ஒன்று: மொத்த டி.என்.ஏயில் மெத்தைல் குறைகிறது, 1983இலேயே ஃபைன்பர்க்கும் வோகல்ஸ்டைனும் காட்டினார்கள். ஆனால் பி16 மாதிரி, கலம் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் காவல் மரபணுக்களின் வாசலில் மட்டும் அது கூடுகிறது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாமலே காவல் போய்விடும்.

எழுத்துப்பிழையைத் திருத்துவது கஷ்டம். ஏறிய மெத்தைலை இறக்க முடியும். 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷேர்லி டெய்லரும் எலியின் கலங்களுக்கு 5-அசாசைற்றிடினைக் கொடுத்தபோது மெத்தைல் இறங்கி, அவற்றில் சில தசைக் கலங்களாகவே மாறின. அதே மருந்துக்கு 2004இல் எலும்பு மச்சை நோய் ஒன்றுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த இரண்டு துறைகளும் ஒன்றுக்குள் ஒன்று போவதுதான் என்னை இங்கே இழுத்து வைத்திருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏயும் ஒரு மரபணுவிலிருந்து வருவதுதானே, அதன் வாசலிலும் மெத்தைல் ஏறலாம். 2006இல் சிறுநீர்ப்பைப் புற்றுக் கலங்களில் மெத்தைலை இறக்கும் மருந்தையும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அடங்கிக் கிடந்த மிர்-127 எழுந்து வந்தது. 2007இல் இதன் மறுபக்கம் தெரிந்தது: மிர்-29 குடும்பம், மெத்தைலை ஏற்றும் நொதியங்களையே அடக்குகிறது. நுரையீரல் புற்றில் மிர்-29 குறைகிறது, நொதியங்கள் கூடுகின்றன, காவல் மரபணுக்கள் மூடுகின்றன. அப்படியானால் முதலில் நடந்தது எது? ஒரு கட்டியை வெட்டி எடுத்துப் பார்க்கும்போது சங்கிலி முழுக்கச் சுற்றி முடிந்திருக்கும், தொடக்கத்தைக் காண முடியாது. நோய் வருவதற்கு முன்பிருந்தே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கக்கூடிய உறுப்பு வேண்டும். நுரையீரலும் ஈரலும் அதற்கு உதவாது. வாய் உதவும்.

இங்கே ஒரு கோபத்தைக் கொட்டிவிட்டுப் போகிறேன். எபிஜெனடிக்ஸ் என்ற பெயரில் "நல்ல எண்ணம் நினைத்தால் மரபணு மாறும், கான்சர் கரையும்" என்று வரும் வீடியோக்களை எனக்கு அனுப்பாதீர்கள். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் கருவானவர்களிடம் அறுபது ஆண்டு கழித்தும் ஒரு மரபணுவில் மெத்தைல் அளவு வேறுபட்டிருந்தது உண்மை. அந்த வேறுபாடு சில வீதம், அதுவும் ஒரு கூட்டத்தின் சராசரியில். அதிலிருந்து எண்ணத்தால் கட்டியைக் கரைப்பதற்குப் பாலம் எதுவும் கிடையாது. கீமோவை நிறுத்திவிட்டு இதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

சரி, வாய்க்கு வருவோம். இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்று முன்வரிசையில் இருக்கிறது. காரணம் ஐந்துலாம்புச் சந்தியிலும் புறக்கோட்டை பஸ் நிலையத்திலும் தட்டில் அடுக்கி விற்கப்படுகிறது: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று நம் ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் பாக்கையே தனியாக முதலாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவில், போட்டுவிட்டது. பாக்கு தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உட்பக்கம் நார் பிடித்து இறுகி, வாயைத் திறப்பதே கஷ்டமாகும். சிலருக்கு வெள்ளைத் திட்டு வரும், சிலருக்குச் சிவப்பு. இவற்றில் சில புற்றாக மாறும். பெரும்பாலானவை மாறாது.

இந்தக் கடைசி வசனத்தில்தான் என் வேலை முழுவதும் இருக்கிறது. வாய்ப் புற்றைக் கண்டுபிடிக்க மைக்ரோ ஆர்.என்.ஏ தேவையில்லை. ஒரு டோர்ச் லைட்டும், பார்க்கத் தெரிந்த பல் வைத்தியர் ஒருவரும், வாயைத் திறக்கச் சம்மதிக்கும் ஆளும் போதும். "எச்சிலில் ஒரு துளி எடுத்துப் புற்றுநோயைச் சொல்லும் கருவி" என்று வரும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். கண்ணால் பார்க்க முடியாத கேள்வி வேறு: பத்துப் பேருக்குத் திட்டு இருந்தால் யாருடையது மாறப் போகிறது? நுணுக்குக்காட்டியில் பார்க்கும் நோயியல் வைத்தியர்கள் கலங்களின் கோணலை வைத்துத் தரம் பிரிப்பார்கள். ஒரே இழையத் துண்டை இரண்டு பேர் பார்த்து இரண்டு தரம் சொல்வது அந்தத் துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கடம். அங்கேதான் பி16 வாசலில் மெத்தைல் ஏறியிருக்கிறதா, மிர்-21உம் மிர்-31உம் கூடியிருக்கின்றனவா என்பது உதவக்கூடும். மிர்-31 பற்றி வெற்றிலை மெல்லும் இன்னொரு நாடான தாய்வானிலிருந்து நல்ல வேலை வந்திருக்கிறது. பி16 மெத்தைல் ஏறிய திட்டுகள் அதிகம் புற்றாக மாறுவதைச் சீனாவில் ஆட்களைப் பின்தொடர்ந்தே காட்டியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் இழையம் வேண்டும். பணக்கார நாட்டு ஆய்வுகூடத்தில் வெட்டி எடுத்த உடனே திரவ நைதரசனில் உறைய வைத்து, மறை 80 பாகையில் அடுக்கி வைப்பார்கள். நாங்களும் அப்படிச் செய்யப் பார்த்தோம். பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதில், வருவதாக இருந்த இரசாயனப் பொருட்களும் நின்றுவிட்டன. ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு பிரார்த்தனைதான். ஆர்.என்.ஏ அவ்வளவு பலவீனமானது. நம் கையிலும் எச்சிலிலும் உள்ள நொதியமே அதைத் தின்றுவிடும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ அப்படியில்லை. எந்த வைத்தியசாலையின் நோயியல் பிரிவிலும், வெட்டி எடுத்த இழையத்தை ஃபோர்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்த ப்ளொக்குகள் இலாச்சி இலாச்சியாகக் கிடக்கும். அறை வெப்பநிலையில், கரண்டே இல்லாமல், ஆண்டுக்கணக்காக. ஃபோர்மலின் நீளமான தூது ஆர்.என்.ஏயைத் துண்டு துண்டாக்கிவிடும். 22 எழுத்துத் துண்டில் உடைய இனி என்ன இருக்கிறது? அது தப்பித்துவிடுகிறது. டி.என்.ஏயில் ஏறிய மெத்தைலும் அப்படியே இருக்கும். மின்வெட்டுக் காலத்தில் எங்கள் ஃப்ரீசரில் இருந்ததற்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது. யாரோ ஒரு ஆய்வுகூட உதவியாளர் எழுதி அடுக்கிவிட்டுப் போன மெழுகுக் கட்டிக்குத் தர முடியும்.

அளப்பதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பி.சி.ஆர் (டி.என்.ஏயைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) செய்ய இரண்டு முனையிலும் ஒட்டும் சின்ன டி.என்.ஏத் துண்டுகள் வேண்டும்; ஒவ்வொன்றும் சுமார் 20 எழுத்து. அளக்க வேண்டிய பொருளே 22 எழுத்து என்றால் எங்கே ஒட்டுவது? 2005இல் ஒரு தந்திரம் வந்தது. மடிந்த ஒரு தண்டைக் கொடுத்து, முதலில் மைக்ரோ ஆர்.என்.ஏயின் வாலில் அதை ஒட்டி நீட்டுவது, பிறகு அளப்பது. பிடியில்லாத கத்திக்குப் பிடி போடுவது மாதிரி. எங்கள் ஆய்வுகூடத்தில் அன்றாடம் ஓடுவது இதுதான். மெத்தைலை அளக்க பைசல்ஃபைற்று என்ற இரசாயனம். மெத்தைல் இல்லாத சியை அது யு என்ற எழுத்தாக மாற்றிவிடும், மெத்தைல் உள்ள சியைத் தொடாது. ஏற்கனவே ஃபோர்மலினில் அடிபட்ட டி.என்.ஏயை இன்னும் அடித்து நொறுக்கும் என்பது அதன் குறை. சின்ன இழையத் துணுக்காக இருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

"இரத்தத்திலேயே பார்க்கலாமே, ஏன் வெட்டுகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு. 2008இல் இரத்தத் திரவத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ உடையாமல் சுற்றுகிறது என்று தெரிந்ததும் துறையே அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு புற்றுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை என்று கட்டுரைகள் குவிந்தன. ஒரு குழு கூடியது என்று சொன்னதை இன்னொரு குழு குறைந்தது என்றது. 2012இல் ஒரு கசப்பான விஷயம் வெளிவந்தது: புற்றின் அடையாளம் என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி இரத்தக் கலங்களிலிருந்தே வருபவை. சிவப்பணு உடைந்தால் மிர்-451உம் மிர்-16உம் கொட்டும். அதே மிர்-16ஐத்தான் பல கட்டுரைகள் மாறாத அளவுகோலாக வைத்து மற்றதையெல்லாம் அளந்திருந்தன.

கொழும்பில் இதன் அர்த்தம் என்ன? காலையில் கிளினிக்கில் எடுத்த இரத்தம் ரியூப்பில் மேசை மேல் இருக்கும். யாராவது ஓட்டோவில் கொண்டுவர வேண்டும். காலி வீதி நெரிசல், வெயில், குலுக்கல். வந்து சேரும்போது மேலே தெளிந்த திரவம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாக இருக்கும். அதை அளந்தால் இயந்திரம் அழகான வளைகோடு தரும், அது ஓட்டோவின் வளைகோடு. நான் இப்போது ஒரு கட்டுரையை வாசித்தால் முதலில் பார்ப்பது, இரத்தம் எடுத்து எவ்வளவு நேரத்தில் சுழற்றினார்கள், சிவப்பணு உடைந்ததா என்று பார்த்தார்களா என்பதை. அது இல்லையென்றால் அப்புறம் வாசிப்பதில்லை. கடுமையாகத் தெரியலாம், நேரம் மிச்சம்.

மெத்தைல் பக்கம் நிலைமை நல்லது. மூளைக் கட்டியில் எம்.ஜி.எம்.டி மரபணு மூடியிருந்தால் டெமோசோலமைட் மருந்து நன்றாக வேலை செய்யும் என்று 2005இல் காட்டினார்கள், இப்போது அது வழக்கமான பரிசோதனை. பெருங்குடல் புற்றுக்கு மலத்தில் மெத்தைல் பார்க்கும் சோதனைக்கு 2014இலும் இரத்தத்தில் பார்ப்பதற்கு 2016இலும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்தாக வந்த கதை சோகமானது. புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தின் கையாளான மிர்-34ஐ நோயாளிகளுக்கே ஏற்றும் முதல் முயற்சி 2013இல் தொடங்கி 2016இல் நின்றது. நோயெதிர்ப்புத் தொகுதி கடுமையாகக் கிளர்ந்து உயிரிழப்பும் நடந்தது. எலியில் அழகாக வேலை செய்த ஒன்று அது. மாமி கேட்ட கேள்விக்கு நான் கொடுக்க வேண்டிய உண்மையான பதில் இந்தப் பந்தி.

ஆகவே எங்கள் பலம் மெழுகுக் கட்டிதான் என்று முடிவு செய்தோம். கட்டிக்குள் இழையம் இருக்கிறது. அந்த ஆளுக்குப் பிறகு என்ன ஆனது என்பது கட்டிக்குள் இல்லை. அது வேறொரு இடத்தில், நோயாளியின் வைத்தியசாலைப் பதிவுச் சீட்டு (BHT) இலக்கத்தின் கீழ், ஒரு கோப்பில். அல்லது நோயாளியின் கையிலேயே இருக்கும் கிளினிக் கொப்பியில். வெள்ளைத் திட்டோடு வந்து, கொஞ்சம் வெட்டி எடுத்து, "மூன்று மாதத்தில் வாருங்கள்" என்று அனுப்பியவர்களில் கணிசமானோர் திரும்பி வருவதில்லை. வலி இல்லாத திட்டுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு யார் பஸ் ஏறுவார்கள்? நெறிமுறைக் குழுவின் அனுமதி எடுத்து, கோப்பில் உள்ள தொலைபேசி இலக்கங்களுக்கு எடுக்கத் தொடங்கினோம். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் என்பதால் தமிழ் அழைப்புகள் என் தலையில்.

இலக்கம் பாதிக்கு வேலை செய்யாது. வேலை செய்தால் பெரும்பாலும் மகனோ மருமகளோ எடுப்பார்கள். "ஐயாவுக்கு வாயில ஒரு வெள்ளைப் படை இருந்துச்சுல்ல, அது இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்பேன். "அப்பா நல்லாத்தான் இருக்காரு மிஸ், வெத்தலையைத்தான் விட மாட்டேங்கிறாரு" என்று சிரிப்பவர்கள் உண்டு. "மஹரகம கொண்டு போனோம் மிஸ், முடியல" என்று, புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லிச் சுருக்கமாக முடிப்பவர்களும் உண்டு. அட்டவணையில் முதலாவது பூச்சியம், இரண்டாவது ஒன்று. பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் இந்தப் பூச்சியமும் ஒன்றும் இல்லாமல் மெழுகுக்குள் அளந்த எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. மிர்-21 கூடியிருக்கிறது, சரி, கூடியிருந்தவருக்கு என்ன ஆனது? அதைச் சொல்லத் தெரியாத ஆய்வுகள் உலகத்தில் ஏராளம். புதிய இயந்திரம் வாங்கித் தரவா, இரண்டு ஆண்டுக்கு ஒரு தொலைபேசி எடுக்கும் ஆளுக்குச் சம்பளம் தரவா என்று யாராவது கேட்டால் நான் இரண்டாவதைக் கேட்பேன். யாரும் அப்படிக் கேட்பதில்லை, நிதி விண்ணப்பப் படிவத்தில் இயந்திரத்துக்குத்தான் பெட்டி இருக்கிறது.

முடிவுகள் இன்னும் கைக்கு வரவில்லை, வந்தால் எழுதுகிறேன். இதை வாசிக்கும் பல் வைத்தியர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். வெட்டி எடுத்த துணுக்கைப் போடுவது 10 வீத நடுநிலை ஃபோர்மலினாக இருக்கட்டும், கிழமைக்கணக்கில் அதிலேயே ஊறக் கிடக்க விடாமல் அடுத்த நாளே நோயியல் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். படிவத்தில் வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். தொலைபேசி இலக்கம் இரண்டு வாங்குங்கள், ஒன்று வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையுடையதாக இருந்தால் இன்னும் நல்லது.